பின்னை எடுத்தாச்சா

எம். புதுப்பட்டி
18.8.2004

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா எழுதுவது. நேரத்துக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், நீ இதைத்தான் முதலில் தேடுவாய் என்று முதலிலேயே எழுதிவிட்டேன். ஆஸ்டலில் நீயும் அப்படியே இரு. உன் கடிதம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. அம்மா போய் மூன்று மாதமாக அப்பா தனியாக இருக்கிறார், நர்சிங்கை நிறுத்திவிட்டு வந்து சமைத்துப் போடுகிறேன் என்று எழுதியிருந்தாய். சரி தாயி வந்துவிடு என்று அன்றே பதில் எழுதினேன், தபாலில் மட்டும் போடவில்லை.

மறுநாள் நம் பட்டறை லேத்தை நானே உடைத்துவிட்டேன். ராஜபாண்டியன் அண்ணாச்சியின் காலண்டர் பிரசுக்கு ரோலர் தண்டு கடைந்துகொண்டிருந்தேன். கனத்த வேலைக்கு லேத்தை மெதுவாக ஓட்டப் பின்பக்கத்துக் கியரைச் சேர்க்க வேண்டும், அதற்கு முன் பூட்டுப் பின்னை, கப்பியோடு கியரைப் பூட்டியிருக்கும் அந்த ஆணியை, உருவ வேண்டும், உருவாமல் சுவிட்சைப் போட்டால் கியர்கள் ஒன்றையொன்று இறுக்கிப் பல் போய்விடும். ஐ.டி.ஐ.யில் முதல் வாரமே சொல்லித்தந்தது. இத்தனை வருடம் நான் தவறாததற்குக் காரணம் நானில்லை. உன் அம்மா பட்டறை வாசலில் வெடிக்குக் காகிதக் குழாய் சுருட்டிக்கொண்டே, என் கை அந்தப் பக்கம் போனதும் தலை நிமிராமல், பின்னை எடுத்தீகளா என்று கேட்பாள். அன்றைக்குக் கேட்க ஆளில்லை. மூன்று பல் போனது.

அண்ணாச்சி வந்து பார்த்துவிட்டு, ஏலே முனியராஜ், இதை எடைக்குப் போட்டுட்டு எங்கிட்ட சம்பளத்துக்கு வந்துரு, இனி இதுக்குப் பல்லு செட்டா கட்டப் போற என்றார். அதைத்தான் கட்டினேன். விருதுநகரில் விசாரித்ததில் புதுக் கியர் வார்த்து வர ஒரு மாதம் என்றார்கள், அதற்குள் காலண்டர் சீசன் ஆர்டர் கைவிட்டுப் போய்விடும். உடைந்த இடத்தை அராவி மட்டமாக்கி, ஒவ்வொரு பல்லுக்கும் மூன்று துளை போட்டு மரை எடுத்து, இரும்புக் குச்சிகளை முறுக்கி இறக்கி, சுற்றிலும் பித்தளை உருக்கி நிரப்பினேன். நல்ல பல்லின் அச்சைத் தகரத்தில் வெட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் அரம் பிடித்தேன். எங்கே உரசுகிறது என்று பார்க்கப் பூசும் சாயம் தீர்ந்திருந்தது, சாமி மாடத்துக் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துப் பூசினேன். பூசிய பிறகுதான் அது அம்மாவின் சிமிழ் என்று உறைத்தது. அழுகை வரவில்லை, எதுவும் வரவில்லை. மேடான இடம் சிவப்பாகத் தெரிந்தது, அதை அராவினேன்.

நேற்று ஓட்டினேன். சத்தம் கொஞ்சம் மாறியிருக்கிறது, தண்டு சுத்தமாக வந்தது. அண்ணாச்சி தடவிப் பார்த்து, பல்லு செட்டு நல்லாத்தாம்லே கடிக்கி என்று அடுத்த ஆர்டரையும் தந்துவிட்டார். அதனால் நீ வர வேண்டாம். எழுதி வைத்த கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். நாற்பது வயதில் எனக்குக் கைகால் நன்றாக இருக்கிறது, சோறு வடிக்கத் தெரியும், குழம்பில்தான் உப்புக் கூடுகிறது, அதற்காக உன் படிப்பு நிற்கக் கூடாது. இப்போதெல்லாம் கியரைத் தொடுமுன், பின்னை எடுத்தாச்சா என்று நானே சத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன். பக்கத்துக் கடை சுடலை, யார்கூடண்ணே பேசுதீக என்கிறான். பேசிவிட்டுப் போகிறேன்.

தீபாவளி லீவுக்கு இப்போதே டிக்கெட் எடுத்து வை. அம்மாவின் ஆசீர்வாதமும் என் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மறக்காதே, யாருக்கும் ஊசி போடுமுன் மருந்தின் பெயரை ஒருதரம் வாய்விட்டுப் படி. பக்கத்தில் கேட்க ஆளில்லாவிட்டாலும் படி.

இப்படிக்கு,
உன் அப்பா
முனியராஜ்