பஞ்சு வைத்த கூண்டு

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

நானும் உன் அத்தானும் சுகம். நீ சுகமாக இல்லை என்பது உன் அறைத் தோழன் பேசியபோதுதான் தெரிந்தது. "அக்கா, இவன் சாப்பிடாம வெறும் பச்சத்தண்ணியக் குடிச்சே நாளை ஓட்டறான், மாடிப்படியில மயங்கி விழுந்துட்டான்" என்றான். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. கோபமும் வந்தது. இளைத்த பிறகுதான் வீட்டுக்கு வருவேன் என்று நீ எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இங்கே ஆய்வுக்கூடத்தில் ஒரு கூத்து. குளிரறை எலிகளுக்குத் தீனி வைப்பதும் கூண்டு கழுவுவதும் என் வேலை அல்லவா? அதில் ஒன்று, மற்றவை தின்னும் அளவே தின்றும் பந்து மாதிரி ஊதிவிட்டது. பார்ப்பவர்கள் எல்லாம் சிரிப்பார்கள். கையில் எடுத்தால் சில்லென்று இருக்கும். மனசு கேட்காமல் அதன் கூண்டில் மட்டும் கூடுதலாகப் பஞ்சு வைத்தேன். பேராசிரியர் அம்மா பார்த்துவிட்டார். அதன் உடம்பு தானாக எவ்வளவு சூடு உண்டாக்குகிறது என்று அளக்கத்தானே இந்தக் குளிர், பஞ்சுக்குள் படுக்க வைத்து அளவையெல்லாம் பாழாக்கிவிட்டாயே என்று வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார்.

"குண்டா இருந்தாலும் அது நடுங்குதும்மா" என்றேன். அவர் கோபம் சட்டென்று தணிந்தது. உட்கார வைத்து விளக்கினார். உடம்பில் ஒருவகைக் கொழுப்பு எரிந்து சூடு தருமாம். அதன் செல்களுக்குள் வேலை குவிந்து தாங்க முடியாமல் போனால், அவை முதலில் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்க்குமாம். அந்த நெருக்கடி நீண்டால் சூடு குறையலாமாம். எரியாத கொழுப்பு உடம்பிலேயே தங்கிவிடுமாம். எலிக்குச் சொன்னதை மனிதனுக்கு அப்படியே பொருத்தாதே என்றும் எச்சரித்தார்.

நான் பொருத்தித்தான் பார்த்தேன். ஒரே பானையில் சாப்பிட்டு வளர்ந்தோம். நான் குச்சி, நீ உருண்டை. நல்ல வெயிலிலும் நீ போர்வை கேட்பாய், வீடே சிரிக்கும். உன்னை நினைத்து அந்தக் கூண்டின் பக்கத்திலேயே அழுதுவிட்டேன்.

நீ பெருந்தீனிக்காரன் இல்லையடா. பட்டினி போட்டு உடம்பைப் பழிவாங்காதே. நாளைக்கே மருத்துவரிடம் போ, மயங்கியதை மறைக்காமல் சொல். இன்றைக்கு வயிறாரச் சாப்பிடு.

அத்தான் உன் அறையைக் கூட்டிப் புது மெத்தை போட்டிருக்கிறார். நீ படுத்துக் கட்டில் கிரீச்சிட்டால் அது கட்டிலின் குறை.

நல்லா இரு தம்பி. பதிலில் இளைத்ததும் வருகிறேன் என்று எழுதாதே. வருகிறேன் என்று மட்டும் எழுது, போதும்.

வாசலையே பார்த்திருக்கும்
உன் அக்கா