ஒரே ஒரு புள்ளி

தொகுடான், சபா மாநிலம்
4 மார்ச் 1988

அன்புள்ள சுலினா அக்கா,

ஆய்விதழில் அச்சான உன் வரைபடத்தைப் படுக்கைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். அத்தனை பெரிய மலையில் ஒரே ஒரு சிவப்புப் புள்ளி! முக்கோணக் கொட்டை மரம் உலகத்திலேயே அந்தச் சரிவில் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறாய்.

அக்கா, இல்லை. நம் வீட்டுக்குப் பின்னால் மிரிசான் முகட்டிலும் இருக்கிறது. பாசி மூடிய ஏழு மரங்கள். இலையும் கொட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். கொட்டை கனமானது, காற்றில் பறக்காது. பிறகு எப்படி இரண்டு பள்ளத்தாக்குகளைத் தாண்டி இங்கே வந்தது? முன்பு பூமி குளிர்ந்திருந்தபோது இடையில் எல்லாம் ஒரே காடாக இருந்திருக்குமோ?

அப்பா சிரிக்கிறார். "உங்க அக்கா வருஷக்கணக்கா தேடுற மரத்தடியிலதான் நம்ம பன்னி படுத்துக் கெடக்குது" என்கிறார்.

அடுத்த வரைபடத்தில் நம் புள்ளியும் வருமல்லவா?

உன் தங்கை
ரைனி


கோலாலம்பூர்
21 மார்ச் 1988

என் செல்ல ரைனிக்கு,

நீ அனுப்பிய துஹாவ் ஊறுகாய் வந்தது. அந்தக் காட்டு இஞ்சி நெடிக்கு ஹாஸ்டல் பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டே வழித்துத் தின்றுவிட்டார்கள்.

நீ அனுப்பிய இலை நசுங்கிவிட்டது. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. ஒரே இடத்தில் மட்டும் வளரும் மரம் என்பதுதான் என் ஆய்வு. அதற்காகத்தான் வெளிநாட்டு உதவித்தொகை. நான் திரும்பி வந்ததும் சேர்ந்து போய்ப் பார்ப்போம். அதுவரை யாரிடமும் பேசாதே. அப்பாவுக்கு இருமல் எப்படி?

முத்தங்களுடன்
அக்கா


தொகுடான்
9 மே 1988

அன்புள்ள அக்கா,

இலை நசுங்கியது, சரி. கொட்டையைப் பற்றி நீ ஒன்றும் சொல்லவில்லையே?

மிரிசானில் ஹோட்டல் கட்டப்போகிறார்கள். அளக்க வந்தவர்களிடம் அரிய மரம் என்று சொன்னேன். அவர்களில் ஒருவர் உன் வரைபடத்தையே விரித்தார். "படிச்சவங்க போட்ட படம், தங்கச்சி. இங்க புள்ளி எங்க இருக்கு, காட்டு பாப்போம்?"

"போட்டது எங்கக்காதான்" என்றேன்.

"அப்ப அக்காகிட்டயே எழுதி வாங்கிட்டு வா!" என்று எல்லோரும் சிரித்தார்கள்.

அறுவடைத் திருவிழா முடிந்ததும் வெட்டுவார்களாம். ஒரு வரி போதும், அக்கா. தந்தியாக இருந்தாலும் போதும்.

ரைனி


கோலாலம்பூர்
27 மே 1988

ரைனிக்கு,

நாளை வெளிநாட்டுக்கு விமானம். இந்த நேரத்தில் இரண்டாவது இடம் என்று சொன்னால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கச் சொல்வார்கள். ஏழு மரம்தானே. பெரியவளானால் உனக்குப் புரியும். திருவிழாவுக்குப் புதுச் சட்டை அனுப்பியிருக்கிறேன், போட்டுக்கொள்.

அக்கா


தொகுடான்
18 ஜூன் 1988

சுலினா அக்காவுக்கு,

வெட்டிவிட்டார்கள். பன்றி மட்டும் பழக்கத்தில் போய் வெயிலில் படுத்துக்கிடக்கிறது. "விடு, அவ நல்லாப் படிக்கட்டும்" என்கிறார் அப்பா. இருமல் குறையவில்லை.

பள்ளி விடுமுறையில் சுற்றியுள்ள முகடுகளில் எல்லாம் ஏறித் தேடினேன். வேறெங்கும் அந்த மரம் இல்லை.

இப்போது உன் வரைபடம் சரியாக இருக்கிறது. சட்டை சிறியது, திருப்பி அனுப்புகிறேன்.

ரைனி