உப்பில்லாத இடமெல்லாம் சிவப்பு

செப். 8, திங்கள்

காலையிலிருந்தே புழுக்கம். வாய்க்காலில் தண்ணீர் கரை தட்டி ஓடுகிறது, மழைதான் இல்லை. மன்னார்குடி லாட்ஜில் இட்லி கல். கூத்தாநல்லூர் பக்கத்துக் கிராமங்கள் இன்று தொடக்கம்.

மேலே கொட்டும் அழுக்கு நிலத்தடி நீரில் எவ்வளவு சீக்கிரம் போய்ச் சேரும் என்று ஊர் ஊராக மார்க் போடும் வேலை. தண்ணீர் எத்தனை ஆழத்தில், மேலே களியா மணலா, மழை எவ்வளவு உள்ளே போகும், இப்படி. கூட்டி வரைபடத்தில் நிறம் ஏற்ற வேண்டும். இந்தப் பரீட்சையில் மார்க் கூடினால் ஃபெயில். அதற்குச் சிவப்பு.

இன்று பார்த்ததெல்லாம் களி நிலத்து ஊர்கள். எல்லாம் உப்பு. டிரைவர் பாஸ்கர் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, இதில் பருப்பு வெந்த மாதிரிதான் என்றார்.

செப். 9, செவ்வாய்

மேலத்திடல். தங்கை கயலைக் கட்டிக்கொடுத்த ஊர். வேலையோடு வேலையாகப் பிள்ளையையும் பார்த்தாயிற்று. இரண்டு மாதம் ஆகிறது. தாய்ப்பால் பற்றாமல் பவுடர் பால். வீட்டுக்காரர் சிங்கப்பூரில். ஒண்டியாகச் சமாளிக்கிறாள், கழுதை, எனக்கு ஒரு ஃபோன் போட்டால் என்ன?

ஊர் பழைய ஆற்று மணல் மேட்டில். சுற்றிலும் வயல், மேட்டில் இடித்துக்கொண்டு வீடுகள். தெரு முனையில் அடிபம்பு, அக்கம்பக்கத்து ஊர்ச் சனமெல்லாம் குடத்தோடு. மீட்டரில் உப்பு மிகக் குறைவு. நானும் குடித்தேன். இளநீர் தோற்றது.

கக்கூஸ் குழி பற்றிக் கேட்டேன். பம்புக்கு எதிர்வீட்டுக்காரருக்கு ஏகப் பெருமை. "கட்டுனதுலேருந்து ஒரு தடவகூட நிரம்பலைங்க. மணல் பாருங்க, எல்லாத்தையும் குடிச்சுடுது."

மணல் குடித்தது கீழே பம்புக்குத்தானே போகும். பம்புத் தண்ணீர் கெட்டிருக்கலாம், சோதிக்கணும் என்றேன். குடம் நிரப்பிக்கொண்டிருந்த அம்மாளுக்கு முகம் மாறிவிட்டது. தாயைப் பழித்தாலும் தண்ணீரைப் பழிக்கக் கூடாதாம். அப்புறம் அந்தத் தெருவில் யாரும் எனக்கு மோர்கூடத் தரவில்லை.

குழிக் கழிவிலிருந்து நீரில் கலக்கும் நைட்ரேட்டைப் பார்க்கும் கிட் தீர்ந்துவிட்டது, கேட்டால் வரும் வரும் என்கிறார்கள். பாட்டிலில் பிடித்துத் தஞ்சாவூர் லேபுக்கு அனுப்பினேன்.

செப். 11, வியாழன்

வெயில். கரண்ட் போய்ப் போய் வருகிறது. வாங்க வேண்டியது: சோப்பு, டார்ச் செல், வயிற்று மாத்திரை.

வரைபடத்தில் நிறம் ஏறிவிட்டது. களி நிலம் பச்சை. தண்ணீர் உப்பு, ஆனால் மேலிருந்து எதுவும் சுலபமாக இறங்காது. மணல் திடல்கள் சிவப்பு. எங்கெல்லாம் 'நல்ல தண்ணி' என்று சனம் குடம் தூக்கி நடக்கிறதோ, அங்கெல்லாம் சிவப்பு. மழை இறங்கித் தித்திப்பாக்கும் அதே வழியில்தான் குழிக் கழிவும் இறங்குகிறது. உப்புக் கரிக்காவிட்டால் நமக்கு நல்ல தண்ணி. நைட்ரேட்டுக்கு ருசியும் கிடையாது, வாடையும் கிடையாது.

மேலத்திடல்தான் முதல் ராங்க் என்று பாஸ்கர் சிரித்தார். எனக்குக் கயல் பிள்ளையின் பால் புட்டிதான் நினைவுக்கு வந்தது. பெரியவர்கள் தாங்கிக்கொள்வார்கள். கைக்குழந்தை என்றால் ரத்தத்தில் பிராணவாயு ஏறாமல் போய்விடும்.

கயலுக்கு ஃபோன். ரிசல்ட் வரும்வரை அந்தத் தண்ணீரைப் பிள்ளைக்கு அப்படியே கொடுக்காதே என்றேன். சரிக்கா என்றாள். உடனே பேச்சு காதுகுத்துக்குத் தாவிவிட்டது. தாய்மாமன் இல்லாத குறைக்கு என் மடியில்தான் உட்கார்த்தி வைப்பாளாம்.

செப். 13, சனி

தூறல். லேப் ரிசல்ட் வந்தது. மேலத்திடல் பம்பு, நைட்ரேட் வரம்பைத் தாண்டி எங்கேயோ போய்விட்டது. உடனே கயலைக் கூப்பிட்டேன்.

"நீ சொன்னதுலேருந்து அப்படியே குடுக்குறதில்லக்கா. பாதியா சுண்டுற வரைக்கும் காய்ச்சித்தான் பால் கரைக்கிறேன்."

அடிப்பாவி. கிருமி என்றால் காய்ச்சினால் சாகும். இது உப்பு மாதிரி. தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சத்தில் விஷம் ஏறும். அந்த 'அப்படியே'யை ஏன் வாயில் வைத்தேன்? கொடுக்காதே என்று மொட்டையாகச் சொல்லித் தொலைத்திருக்கலாம். தண்ணீரை அப்படியே கொடுக்காதே என்றால் எந்த வீட்டிலும் காய்ச்சிக் கொடு என்றுதான் அர்த்தம்.

பிள்ளை எப்படி இருக்கிறது என்றேன்.

"நேத்துலேருந்து உதடு நீலமா இருக்குக்கா. மழைக் குளிரு போல. ஸ்வெட்டர் போட்டு வச்சிருக்கேன்."

அதே நாள், திருவாரூர், ஆஸ்பத்திரி வராந்தா

ஜீப்பில் அள்ளிக்கொண்டு வந்தோம். ஊசியில் ஏறிய ரத்தம் சிவப்பாக இல்லை, காப்பி டிகாக்‌ஷன் நிறம். கயலும் பார்த்துவிட்டாள். மருந்து ஏறுகிறது. கொஞ்ச நேரம் போகட்டும் என்கிறார் டாக்டர். எனக்கு உயிரே இல்லை. கயலிடம் மட்டும் தைரியமாகப் பேசுகிறேன்.

அந்தத் தெருவில் இன்னும் இரண்டு கைக்குழந்தைகள், அதில் ஒன்றுக்குப் பவுடர் பால் என்றாள் கயல். ஊராட்சி செயலாளருக்கு ஃபோன் போட்டேன். பம்புத் தண்ணீர் கெட்டுப்போயிருக்கிறது, பிள்ளைகளுக்கு வேண்டாம், பம்பைப் பூட்டுங்கள் என்றேன். லைன் விட்டு விட்டு வந்தது.

"புரிஞ்சுதுங்க மேடம். கோயில் மைக்லயே சொல்லிடுறேன். எல்லாரும் புள்ளைங்களுக்கு நல்லா சுண்டக் காய்ச்சிக் குடுங்கன்னு."

இல்லை இல்லை என்று கத்தினேன். கட். மறுபடி அடிக்கிறேன். பிஸி.