ஆளுக்கொரு பெட்டி

ஜூலை 4

வாயாடி மருமகளுக்கு,

மாடியறைச் சக்கரவர்த்தியான உன் தாய்மாமன் ஆசீர்வதித்து எழுதுவது.

போன மாதம் நம் வீட்டில் நடந்த வைபவத்தை நீ தவறவிட்டாய். ஹால் கம்ப்யூட்டரில் ஆளுக்கொரு மெயில் பெட்டியைத் திறந்து வைத்தார் உன் அப்பா. சொற்பொழிவு மட்டும் ஒன்றரை யுகம். "இனிமே ஒருத்தர் லெட்டரை இன்னொருத்தர் பாக்க முடியாது!" என்று முழங்கிவிட்டு, எல்லாருக்கும் அவரே பாஸ்வேர்ட் வைத்து, அவரே சீட்டில் எழுதி, அவர் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டார். மேனேஜர் புத்தி! அவர் குளிக்கப் போன சமயம் என் பாஸ்வேர்டை மட்டும் மாற்றிவிட்டேன். புதியது அவரைப் பற்றிய ஒரு வசவு. நீளம் கருதி இங்கே எழுதவில்லை.

உன் அம்மா போனையே முறைத்துக்கொண்டிருக்கிறாள். கூப்பிட்டால் நீ எடுப்பதில்லையாமே, ஏன்?

மாமா

ஜூலை 6

மாமா,

அம்மாவோடு பேசவே அருவருப்பாக இருக்கிறது.

போனில் சொன்னால் அப்பா ஸ்பீக்கரில் போட்டுக் கேட்பார் என்றுதான் அம்மாவின் புதுப் பெட்டிக்கு எழுதினேன். நீங்களெல்லாம் பார்த்து வைத்த மாப்பிள்ளை மறுபடியும் அடித்துவிட்டார், உதடு கிழிந்துவிட்டது, வீட்டுக்கு வந்துவிடட்டுமா, அப்பாவிடம் இப்போது சொல்லாதே என்று.

பதில் வந்தது. ஒன்று, அவசரப்படாதே. இரண்டு, தவறு உன் பக்கமும் இருக்கும். மூன்று, நீ வந்து நின்றால் குடும்பத்துக்குத் தலைகுனிவு. அன்புடன் அம்மா.

பெற்றவள் எழுதுகிற கடிதமா மாமா இது?

ஜூலை 8

என் கண்ணே,

கேலி ஒரு பக்கம் கிடக்கட்டும்.

உன் அம்மா சாமான் லிஸ்டுக்குக்கூட நம்பர் போட மாட்டாள். உப்பு என்று எழுதிவிட்டு அடுப்பைப் பார்க்க ஓடிவிடுவாள். இந்த வீட்டில் நம்பர் போட்டுப் பேசுகிற ஆசாமி ஒருவர்தான். ஆனாலும் உடனே பாயவில்லை. அக்காவின் பெட்டிக்கு ஒரு மெயில் தட்டினேன்: "அக்கா, அத்தானோட ஆபீஸ் ஷூவுல எலி குட்டி போட்டிருக்கு. பாவம், அவர்கிட்ட சொல்லிடாதே."

அக்கா கம்ப்யூட்டர் பக்கமே போகவில்லை. நான் காவல் இருந்தேன். காலையில் உன் அப்பா வாசலில் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து, பூமி அதிரத் தட்டினார். குடைக்கம்பியை விட்டுக் குடைந்தார்.

"என்ன அத்தான், ஷூ கடிக்குதா?"

"உன் வேலையைப் பாரு."

செருப்போடு ஆபீஸ் போனார். சிரிப்பதற்காகத்தான் அந்த எலியைப் பெற்றெடுத்தேன். சிரிப்பு வரவில்லை, காறித் துப்பத்தான் தோன்றியது. அடிபட்ட மகளுக்கு அவள் அம்மா பெயரில் பதில் அடித்த அதே விரல்கள், என் எதிரில் உட்கார்ந்து நிதானமாகச் சோறு பிசைகின்றன.

உன் கடிதத்தை அக்காவிடம் காட்டினேன். அவள் அழவில்லை. "என் பேரைப் போட்டா எழுதினாரு?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் பெட்டியைத் திறக்கச் சொல்லி உட்கார்ந்து, ஒற்றை விரலால், கோட்டை கட்டி முடிக்கும் நேரம் எடுத்துக்கொண்டு அவளே அடித்தது கீழே. நான் ஒரு எழுத்தைத் தொடவில்லை.

வந்துடு கண்ணு எந்த ரயில்னு சொல்லு நான் ஸ்டேஷன்ல நிக்கிறேன் உதட்டுக்கு மருந்து போட்டியா

ஜூலை 9

அம்மாவின் பெட்டியைத் திறந்திருக்கும் அப்பாவுக்கு,

இது உங்களுக்குத்தான். அம்மாவிடம் சொல்ல வேண்டியதை வேறு வழியில் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை வருகிறேன். அம்மா ஸ்டேஷனுக்கு வருவாள். நீங்கள் வர வேண்டாம்.

என் உதடு ஆறிவிட்டது. நீங்கள் உட்கார்ந்து 'அன்புடன் அம்மா' என்று அடித்திருப்பீர்களே, அதை நினைத்தால்தான் இன்னும் குமட்டுகிறது.

பதில் எழுதுவதானால் உங்கள் பெயரில் எழுதுங்கள்.

மகள்