ஏழாவது பெயர்

அன்பு மகள் சின்னுவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் எங்கள் ஜெபம். இங்கே சுகம் என்று எழுதினால் பொய், சுகமில்லை என்று எழுதினால் நீ பதறிப் போன் செய்வாய், ஆகவே இருக்கிறோம் என்று மட்டும் வைத்துக்கொள். அம்மாவுக்கு வலது முழங்கால் வீக்கம் குறையவில்லை, மாடிப்படி ஏறுவதை டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார், ஆனால் துணி காயப்போட மாடிக்கு யார் போவது என்று அவரையே திருப்பிக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள். சமையலறைக் குழாய் மறுபடி சொட்டுகிறது. பாப்பாவுக்குச் சளி விட்டதா? குளிப்பாட்டியதும் காதுக்குப் பின்னால் ஈரம் நிற்காமல் துடை, அது தூங்கும்போது நீயும் தூங்கு, வேலை எங்கும் ஓடிப்போகாது.

போன வாரம் நீ போனில் சொன்ன காரியத்தைச் செய்துவிட்டேன். அக்காவிடம் சொல்லிவிட்டேன். ‘நீங்களே பக்குவமா சொல்லிடுங்கப்பா, என்னால முடியாது’ என்று அழுதாய். இதில் பக்குவம் என்று ஒன்று இல்லை சின்னு, நானும் தேடிப் பார்த்தேன். பாப்பாவுக்கு அவள் ஞானத்தாய் இல்லை, மாப்பிள்ளையின் அண்ணனும் அண்ணியும்தான் ஞானப்பெற்றோர் என்று எந்த ஊர்ச் சர்க்கரையில் உருட்டிக் கொடுத்தாலும் அது அதுதான். போனில் இதையெல்லாம் பேச எனக்கு வராது, நீ அழ ஆரம்பித்தால் நான் வானிலை பேச ஆரம்பித்துவிடுவேன். அதனால் எழுதுகிறேன். முப்பத்தொரு வருஷம் பத்திரிகைக்கு நடந்ததை நடந்தபடி எழுதினவன், உனக்கும் அப்படியே எழுதுகிறேன்.

முதலில் என் குற்றம். சம்பந்தியம்மா வீட்டில் ஞானஸ்நான விருந்தன்று பரிசுகளை ஒரு மேஜையில் அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அது யார் கொடுத்தது, என்ன விவரம் என்று ஒரு அட்டை வைப்பது வழக்கம் என்று நீதான் சொன்னாய், நம் வெள்ளிக் கிண்ணத்துக்கு நாலு வரி எழுதி அனுப்பச் சொன்னாய். நான் நாலு வரியோடு நிறுத்தியிருக்க வேண்டும். கிண்ணத்தை நாலு பக்கமும் படம் எடுத்து, அதில் வெட்டியிருக்கும் பெயர்களை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் விளக்கம் எழுதினேன். முதல் பெயர் என் பெரியப்பா, அடுத்தது என் அப்பா, மூன்றாவது நான், நாலாவது உன் அத்தை, ஐந்தாவது அக்கா, ஆறாவது நீ. ஏழாவதுக்கு, ‘மூத்த மகளின் மகன். பிறந்த மூன்றாம் நாள் மருத்துவமனையில் தாதியே தண்ணீர் ஊற்றிப் பெயரிட்டார். பதினோரு நாள் வாழ்ந்தான்’ என்று எழுதினேன். எட்டாவது பாப்பா. எழுதி முடித்துப் பிழை இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன். பிழை ஒன்றும் இல்லை. அதுதான் பிழை.

சம்பந்தியம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் வீட்டில் ஞானஸ்நானப் பரிசு புதிதாக இருக்க வேண்டும், இன்னொரு குழந்தையின் வாய் பட்ட பாத்திரம் கூடாது. ஞானப்பெற்றோர் கணவன் மனைவியாக வர வேண்டும், முதல் பிள்ளைக்கு அப்பா பக்கத்து ஆட்கள், அவர்களுக்கும் வீட்டில் ஓடியாடும் குழந்தைகள் இருக்க வேண்டும். இது அவர்கள் பாட்டன் பூட்டன் காலத்து ஏற்பாடு, நேற்று நமக்கு எதிராகக் கண்டுபிடித்தது இல்லை. அக்கா ஒருத்திக்காக அவர்கள் முதலில் வளைந்துகொடுத்ததே பெரிய காரியம். இறந்த பிள்ளையின் பெயரை, அதுவும் நாளெண்ணிக்கையோடு படித்ததும் அந்த அம்மா பயந்துவிட்டார். ‘பிள்ளை தங்காத கை’ என்று அவர் சொன்னதாக நீ சொன்னாய். அந்த வார்த்தையை மட்டும் நீ என்னிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம், ஆனால் சொன்னதும் நல்லதுதான், எதோடு மோதுகிறோம் என்று தெரிந்தது. உன் பிரசவத்தில் பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். நாங்கள் யாரும் வரவில்லை.

இந்த விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு சட்டம். மாடி வீட்டு டீச்சர் குடும்பத்தில், கோயிலிலிருந்து வீடுவரை ஞானத்தாய்தான் குழந்தையைச் சுமக்க வேண்டும், பெற்றவள் வெறுங்கையோடு பின்னால் நடந்து வர வேண்டும், நடுவழியில் பிள்ளை பசிக்கு அழுதாலும் வாங்கக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் அச்சுக் கோத்தவர் வீட்டில் ஞானத்தகப்பன் முதல் செருப்பு வாங்கித் தர வேண்டும், நடக்காத பிள்ளைக்குச் செருப்பு எதற்கு என்று கேட்டால், ‘நடக்கும்ல சார்’ என்பார். குழாய் கதை உனக்குத் தெரியும். கோயில் வாசலில் தண்ணீர்க் குழாய் வெடித்த செய்தியை எழுதப் போனவனை, வாசலைக் கடக்கும் முதல் ஆள்தான் ஞானத்தகப்பன் என்று நேர்ந்துகொண்ட ஒரு குடும்பம், ஈரக் காற்சட்டையோடு உள்ளே இழுத்துப் போய் நிறுத்திவிட்டது. என் பெயரைக் கூடக் கேட்கவில்லை, ஞானஸ்நானம் வாங்கினவன்தானா என்று மட்டும் சாமியார் கேட்டார். அந்தப் பிள்ளை இன்றைக்கு லாரி ஓட்டுகிறான், இன்னமும் நாம் அவனைக் குழாய் என்றுதான் கூப்பிடுகிறோம், வருஷம் தவறாமல் வந்து என் காலைத் தொடுகிறான். போன மாதமும் வந்தான். ‘அக்கா எப்ப ஏரோப்ளேன் ஏறுது, நான்தான் ஏத்திவிடுவேன்’ என்று கேட்டுவிட்டுப் போனான். தெருவில் போன ஒருவனை இழுத்துத் தகப்பனாக்கிய வீடும் உண்டு.

நம் வீட்டு முறையை நீ மறந்திருக்க மாட்டாய், இருந்தாலும் எழுதுகிறேன். ஒரே கிண்ணம். ஞானத்தாய்தான் அதில் குழந்தையின் பெயரை வெட்டக் கொடுப்பாள், தேதியை மட்டும் காலியாக விட்டு, ஞானஸ்நானம் முடிந்த பிறகு வெட்டுவாள். முதல் வாய்த் தண்ணீரை அதில் அவள் கையால் கொடுப்பாள். அதற்குப் பிறகு கடைசிப் பெயர் யாருடையதோ அந்த வீட்டில் கிண்ணம் இருக்கும், அடுத்த பிள்ளை வரும்வரை. அப்படித்தான் ஆறு வருஷமாக அது அக்கா வீட்டில் இருந்தது. அவள் மகனுக்கு நீ ஞானத்தாயாக வருவதாக இருந்தது, உனக்கு லீவு கிடைக்கவில்லை, டிக்கெட்டைத் தள்ளிப்போட்டாய், பிறகு வருவதற்கு ஒன்றும் இல்லை. அதனால் அந்தப் பெயரை அடக்கம் முடிந்த மறுவாரம் நான்தான் வெட்டக் கொண்டுபோனேன். ‘எதுக்குங்க, பாக்கிறப்பல்லாம் அழவா’ என்று உன் அம்மா தடுத்தாள். அக்காதான், ‘அவனும் இந்த வீட்டுப் பிள்ளைதானேம்மா, வரிசையில நிக்கட்டும்’ என்றாள். அன்றைக்குப் போனில் நீ அவளிடம், எனக்குப் பிறப்பதற்கு நீதான் ஞானத்தாய் என்று சொன்னாய். பக்கத்தில் நின்றேன், கேட்டேன். இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை. அவள் எதை நம்பி இத்தனை நாள் இருந்தாள் என்று உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடைக்குப் போனேன். பின்கட்டில் லென்ஸ் தேய்க்கும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் அவள் லீவு நாட்களை யாரோ சிவப்பு மையில் வட்டம் போட்டு, ‘ஞானம்மா வெளிநாடு’ என்று எழுதியிருந்தார்கள், ஞானத்தாயாகப் போகிறவளிடம் கூட வேலை செய்யும் பெண்களின் குறும்பு. என்னைப் பார்த்ததும் சக்கரத்தை நிறுத்திவிட்டு, ‘வெயில்ல வந்திருக்கீங்களே, போன் பண்ணியிருந்தா நான் வந்திருப்பேன்ல’ என்றாள். நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் மூன்று வாக்கியத்தில் சொன்னேன், கிண்ணத்துக்கு நான் எழுதி அனுப்பிய விளக்கம்தான் காரணம் என்பதையும் சொன்னேன். கையிலிருந்த லென்ஸைத் துணியால் துடைத்து அதன் உறையில் போட்டாள். ‘சரிப்பா, தண்ணி குடிங்க’ என்றாள். சொம்பை என் கையில் கொடுத்துவிட்டு, ‘சின்னு ரொம்ப அழுதாளா?’ என்று கேட்டாள். அழுதாள் என்றேன். ‘பால் குடுக்கிறவ, அழ வேணாம்னு சொல்லுங்க’ என்றாள். சொல்லிவிட்டேன்.

மறுநாள் நம் பங்குச் சாமியாரைப் போய்ப் பார்த்தேன். திருச்சபைச் சட்டத்தில் ஞானத்தாய்க்குப் பிள்ளை இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை, கணவனோடு வர வேண்டும் என்றும் இல்லை என்றார். ஆனால், ‘பெத்தவங்கதான் தேர்ந்தெடுக்கணும், அதுல நான் வாய் வைக்க முடியாது’ என்றும் சொன்னார். நீ ஒரு வார்த்தை உறுதியாகச் சொன்னால் நடக்கும் என்று அதற்கு அர்த்தம். அந்த வார்த்தையை நீ சொல்லமாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ வாழவேண்டிய வீடு அது, கேள் என்று நான் சொல்லவும் இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் எதிர்பார்க்காதது. வெள்ளிக்கிழமை அக்கா என்னைப் பெயர் வெட்டுகிறவர் கடைக்கு வரச் சொன்னாள். சாவி செய்கிற கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு ஆள் உட்காரும் இடம், விளையாட்டுக் கோப்பைகளும் பெயர்ப்பலகைகளும் தொங்கும். பாப்பாவின் பெயரை எடுக்கச் சொல்லப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அவளோ கிண்ணத்தைத் திருப்பி, ‘எட்டாவதுக்கு முந்தின பேர் இருக்கே, இதை மட்டும் எடுக்க முடியுமா?’ என்று கேட்டாள். அவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். ‘இதை நான்தானே சார் வெட்டினேன். நீங்க அன்னிக்கு நின்ன நிலைமை எனக்கு ஞாபகம் இருக்கு. கோப்பையில தப்பா ஜெயிச்சவன் பேரைக் கேளுங்க, அழிக்கிறேன். இதை அழிக்கமாட்டேன். தகடும் மெலிசு, ஓட்டை விழுந்திரும்’ என்றார். அக்கா கைப்பையிலிருந்து லென்ஸின் தடிமன் அளக்கிற கருவியை எடுத்தாள். கடையிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். கிண்ணத்தின் விளிம்பை அதற்குள் விட்டு அளந்து, ‘முக்கால் மில்லி இருக்குண்ணே, அரை மில்லி எடுத்தாலும் நிக்கும்’ என்றாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு, வேற எடம் பாருங்கம்மா என்றார்.

வழியில் சொன்னேன், இதை எடுத்தாலும் அவர்கள் உன்னைக் கூப்பிடப் போவதில்லையம்மா, காரியம் முடிந்துவிட்டது என்று. ‘தெரியும்பா’ என்றாள். ‘நான் போறதுக்காக இல்ல. அவங்களுக்கு உறுத்தினது இந்தப் பேர்தானே. இது இல்லேன்னா பாப்பா ஒரு வாய் குடிக்கலாமில்ல. கிண்ணமாவது போகட்டும்’ என்றாள். புதுக் கிண்ணம்தான் வேண்டும் என்பதும் அவர்கள் முறை என்று நான் சொல்லவில்லை. அவளுக்கும் தெரியும், நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா.

நேற்று கிண்ணத்தைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தாள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கடையில் ஆள் இல்லாதபோது, அவள் சக்கரத்திலேயே தானே தேய்த்திருக்கிறாள். லென்ஸ் தேய்க்கிற கை, கீறல் இல்லாமல் வழவழப்பாகத்தான் எடுத்திருக்கிறாள். ஆனால் ஆறாவது பெயருக்கும் எட்டாவது பெயருக்கும் நடுவில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு பள்ளம் இருக்கிறது, வெளிச்சத்தில் திருப்பினால் மற்ற எல்லாப் பெயர்களையும்விட அதுதான் முதலில் கண்ணில் படுகிறது. பழைய தொழில் புத்தி, தூளை என்ன செய்தாய் என்று கேட்டேன். ‘ஈரத்துணியால தொடைச்சேன்பா. துணிய அலசிட்டேன்’ என்றாள். பிறகு அம்மாவைப் பார்க்கச் சமையலறைக்குப் போனாள், சொட்டுகிற குழாய்க்கு ஒரு ரப்பர் வளையம் வாங்கி வந்திருந்தாள், மாட்டினாள், இன்னமும் சொட்டுகிறது. அம்மாவுக்குக் கிண்ணத்தை நான் காட்டவில்லை. அவளுக்குக் கண் மங்கல், ஆனால் பெயர்களை விரலால் தடவி எண்ணுகிற பழக்கம் உண்டு. அக்கா புறப்பட்டதும் கிண்ணத்தைத் துணியில் சுற்றிப் பார்சல் கட்டிவிட்டேன். நாளைக் காலை தபால் அலுவலகம் திறந்ததும் அனுப்புகிறேன். நிறுத்திவைக்கலாமா என்று யோசித்தேன். நிறுத்தினால் அவள் செய்ததற்கு இருக்கிற ஒரே பலனும் இல்லாமல் போய்விடும்.

உன்னை நான் கோபிக்கவில்லை. கோபித்தால் பாதியை என் மேல்தான் போட வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்றும் எழுதமாட்டேன், அக்காவுக்கு இனி யாரும் ஒரு பிள்ளையைக் கையில் கொடுத்து நீ பொறுப்பு என்று சொல்லப்போவதில்லை, அது அவளுக்கும் தெரியும். அவளுக்கு நீ போன் செய்தால் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. பாப்பா குப்புற விழுந்ததா, எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்று சொல். கேட்டுக்கொண்டிருப்பாள்.

பாப்பாவுக்குத் தண்ணீர் ஊற்றுகிற நேரத்தில் இங்கே நாங்கள் மூன்று பேரும் முழங்காலில் இருப்போம், அம்மா மட்டும் நாற்காலியில். கர்த்தர் அந்தப் பிள்ளைக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும், அதன் ஞானப்பெற்றோருக்கு நல்ல மனசு கொடுக்கட்டும், உன் குடும்பத்தில் சமாதானம் தங்கட்டும்.

மறக்காமல் ஒன்று. கிண்ணம் வந்ததும் அதைப் பிறர் கையில் கழுவக் கொடுக்காதே. மேஜையில் வைப்பதும் அலமாரியில் வைப்பதும் உன் இஷ்டம், கடைசிப் பெயர் பாப்பாவுடையது, அது உன் வீட்டில்தான் இருக்க வேண்டும். தேதியின் இடம் காலியாக இருக்கிறது, யாரும் வெட்டவேண்டாம். ஏழாவது பெயர் இருந்த இடத்தில் தகடு கால் மில்லிதான் மிச்சம். கட்டைவிரல் அங்கே அழுந்தாமல் எதிர்ப்பக்கம் பிடித்துத் தூக்கு. வெந்நீர் ஊற்றவேண்டாம் என்று எழுதச் சொன்னாள் உன் அக்கா.

இப்படிக்கு,
எப்போதும் உன் நலம் விரும்பும்
அப்பா