அண்ணனுக்கு முதலிடம் வேண்டாம்

வடக்கனந்தல்,
ஆனி மாதம், 2002

அன்பு மகள் செவ்வந்திக்கு அம்மா தைலம்மாள் எழுதுவது. இங்கே மூன்று பேரும் இருக்கிறோம், அங்கே குவைத்தில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பு சுகமாக இருக்கிறாய் என்று நம்பிக்கொண்டுதான் தினமும் அடுப்பைப் பற்றவைக்கிறேன். அப்பாவுக்கு இருமல் நிற்கவில்லை, ஆனாலும் மரவள்ளிக்குக் களை வெட்டக் கூப்பிட்டால் போய்விடுகிறார். மழை கல்வராயன் மலை மேலேயே நின்றுகொண்டிருக்கிறது, இந்தப் பக்கம் இறங்கவில்லை. ரிஷிவந்தியத்துப் பெண் வீட்டார் போன வாரம் ஆள் அனுப்பி, உங்கள் பையனுக்கு வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உன் அண்ணன் பழனியிடம் சொன்னேன், சரி என்று மட்டும் சொன்னான்.

உன் கடிதம் வந்த அன்று நடந்ததைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நீயும் உன் அண்ணனும் சின்ன வயதிலிருந்து, ஃபுட்பாலில் ஓரமாகப் பந்தைக் கொண்டு ஓடுகிறவர்களில் உலகத்திலேயே நல்ல விங்கர் யார், முதலாவது யார், இரண்டாவது யார் என்று சோறு ஆறிப்போகும்வரை சண்டை போடுவீர்கள், அவன் கரிஞ்சா என்பான், நீ ஃபிகோ என்பாய், கேட்டுக் கேட்டு எனக்கே அந்தப் பெயரெல்லாம் பாடமாகிவிட்டது. பங்குனியில் கரும்பு டிரெய்லர் சாய்ந்து அவன் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்த பிறகு அவன் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அந்தக் காலால்தான் அவன் நம் ஊர் டீமில் லெஃப்ட் விங்கில் ஓடினான். அதனால் உன் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. கரிஞ்சாவுக்குக் கூடக் கால் வளைந்துதான் இருந்தது, அவர் ஜெயிக்கவில்லையா, இனிமேல் என் வரிசையில் முதல் ஆள் என் அண்ணன்தான் என்று எழுதியிருந்தாயே, அதைச் சத்தமாகத்தான் படித்தான். பிறகு மடித்து என் கையில் கொடுத்துவிட்டு, “வளஞ்ச காலு வேற, இல்லாத காலு வேறம்மா. அவளுக்கு இதுகூடத் தெரியல” என்றான். அன்று அவன் சாப்பிடவில்லை. நீ ஆசையாகத்தான் எழுதினாய், எனக்குத் தெரியும். ஆனால் செத்தவனுக்கு மாலை போட்டது போல அவனுக்கு ஆகிவிட்டது.

அதன் பிறகு ஒரு நாள் சாயங்காலம் கந்தசாமி வந்தான். டீம் பயல்களில் அவன்தான் பிராக்டீஸில் உன் அண்ணனை மறித்து நிற்பவன். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டுப் போனவன் அதற்கப்புறம் வாசல் பக்கமே வரவில்லை, முகம் பார்க்கத் தைரியம் இல்லாமல் இருந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக, “இன்னாடா வூட்டுக்குள்ளயே குந்திக்கினு கீற, பிரேசிலும் துருக்கியும் ஆடுது, வா” என்று இழுத்தான். பழனி மாட்டேன் என்றான். கந்தசாமி விடவில்லை. கட்டையை ஊன்றிக்கொண்டு, டிவியில் உலகக் கோப்பை ஓடுகிற டீக்கடைவரை அவன் போக, விழுந்துவிடப் போகிறானே என்று நானும் பின்னாலேயே போய் பாய்லர் பக்கம் நின்றேன்.

கடைசியில் பிரேசிலுக்கு டெனில்சன் என்று ஒருத்தன் இறங்கினான். ஆட்டம் முடிகிற நேரத்தில் அவன் பந்தை எடுத்துக்கொண்டு மூலைப் பக்கமாகப் போகிறான், துருக்கிக்காரர்கள் ஒரு கூட்டமாக அவன் பின்னால் ஓடுகிறார்கள், அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்தது. திரும்பிப் பார்க்கிறேன், பழனி சிரிக்கிறான் செவ்வந்தி, பல் தெரியச் சிரிக்கிறான். கந்தசாமி, “இவன மூணாவதா போட்டுக்கலாம்டா” என்றான். உன் அண்ணன் உடனே, “போடா, பத்துக்குள்ளயே வரமாட்டான். பந்த எடுத்துக்கினு ஓடுனா ஆச்சா? கடசியில கோலு முன்னால பெட்டிக்குள்ள போடணும்டா, அதான் விங்கர்” என்றான். அப்புறம் கிக்ஸ், ஃபிகோ, கரிஞ்சா என்று கடையே இரண்டாகப் பிரிந்து கத்தியது. காலைப் பற்றி ஒருத்தரும் பேசவில்லை. நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வருகிற வழியில், கந்தசாமி போன பிறகு, தானாகவே சொன்னான். “இந்தத் தாலுகாவுலயே நானு நாலாவதோ அஞ்சாவதோதாம்மா. எனக்கு அதுவே போதும்னு இருந்துச்சு.” அழாமல் சொன்னான். அழுதிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். பார்த்துக் காலை வையப்பா என்றேன், சொன்ன பிறகு அந்த வார்த்தைக்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன். இறுதி ஆட்டத்துக்குக் கந்தசாமி வந்து கூப்பிட்டான், இவன் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். இன்றைக்கும் அப்படித்தான் கிடக்கிறான், உனக்கு மறைக்க மாட்டேன்.

அதனால் அம்மாடி, மறுபடியும் எழுது. ஆனால் அவனை முதலாவதாகப் போடாதே, எந்த இடத்திலும் போடாதே. கரிஞ்சாவைக் கீழே தள்ளி எழுது. ஃபிகோதான் பெரிய ஆள், உனக்கு ஆட்டமே தெரியாது என்று எழுது. அவன் கோபித்துக்கொண்டு உனக்குப் பதில் எழுதட்டும்.

அய்யனார் உனக்குத் துணையாக இருப்பார். அப்பாவும் நானும் உன் தலையில் கை வைத்து வாழ்த்துகிறோம். டியூட்டி முடிந்து வந்தால் காலை நீட்டிப் படு. கடிதத்தை என் பெயருக்குப் போடாதே, பழனி பெயருக்கே போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரா. தைலம்மாள்