கடித மடிப்பில் வெள்ளைத் தூள்

ஜூன் 4

அன்புள்ள கல்லுளிமங்கருக்கு,

நலம். நீங்களும் நலம் என்றுதான் எழுதப்போகிறீர்கள், அதனால் கேட்கவில்லை. இந்த முறை ஓர் உதவி வேண்டும். சிரிக்காமல் படியுங்கள்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் பன்னிரண்டு அறை வைத்த மரப்பெட்டி ஒன்று இருக்கிறது. அறைக்கு ஒரு கல். தூசி அடைந்து கிடக்கிறதே என்று சனிக்கிழமை எல்லாவற்றையும் வாளித் தண்ணீரில் ஊறப்போட்டுவிட்டு வந்தேன். திங்கட்கிழமை போனால் பெயர்ச்சீட்டெல்லாம் மிதக்கிறது. எண்ணிப் பார்த்தால் பதினோரு கல்தான் இருக்கிறது! "யாரு எடுத்தது?" என்று நான் கத்திய கத்தலில் வேதியியல் டீச்சர் ஓடி வந்தார். தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வைத்தார்.

"ஏம்மா, உப்புப் பாறையையா ஊறப்போட்டீங்க?"

மானம் போயிற்று. மற்ற கற்களின் பெயரைக் கேட்டால், "சோதனைக் குழாயில இருக்கிறதுன்னா சொல்லுவேன், கல்லு எனக்குத் தெரியாது" என்று நழுவிவிட்டார். மாதக் கடைசியில் இன்ஸ்பெக்ஷன். ஆய்வக உதவியாளர் வேலையே போய்விடும் போலிருக்கிறது. இருபது வருஷம் கல்லோடு குடித்தனம் செய்தவர் நீங்கள்தானே, வழி சொல்லுங்கள்.

வீட்டில் குறைவில்லை. அண்ணன் ஞாயிறுதோறும் பிள்ளைகளோடு வந்துவிடுகிறார், ஒரே கூச்சல். அன்று சாப்பிடும்போது அவர் சொன்னதை இன்னும் மனசில் வைத்திருக்காதீர்கள். எட்டு மாதம் ஆகிறது, வந்துவிடுங்கள்.

உங்கள்
வீட்டுக்காரி


ஜூன் 10

ஆய்வகத்து மகாராணிக்கு,

சிரிக்காமல் படிக்க முடியவில்லை, மன்னித்துக்கொள்.

முதலில் நிறத்தை நம்பாதே. ஒரே கல் நாலு நிறத்தில் வரும். குளியலறை ஓட்டின் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்குமே, அதில் ஒவ்வொன்றையும் உரசி, விழும் கோட்டைப் பார். கல் கறுப்பாக இருந்தாலும் கோடு செங்காவியாக விழுந்தால் அது எங்கள் இரும்புத் தாது. தாளிலேயே எழுதினால் பென்சிலுக்குள் வைக்கும் கிராபைட். தாள் தாளாக உரிந்தால் மைக்கா, நம் பழைய இஸ்திரிப் பெட்டிக்குள் இருந்தது. கண்ணாடியைக் கீறினால் குவார்ட்ஸ். அதை உருக்கித்தான் கண்ணாடியே செய்கிறார்கள், பெற்றவளையே கீறுகிற பிள்ளை என்று நினைக்காதே, இது பிள்ளையைக் கீறுகிற பெற்றவள். வினிகர் விட்டால் பொங்குவது கால்சைட். நகத்தால் கீறல் விழுந்தால் ஜிப்சம், சுவர் பூசுவதற்கு. நகம் பட்டதுமே மாவாகி, சோப்பைப் போல வழுக்கினால் மாக்கல். நீ முகத்துக்குப் போடும் பவுடர். மீதிக் கற்களுக்கான சோதனையைத் தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன்.

வரச் சொல்லிக் கேட்கிறாய். "கல்லு பொறுக்குறவனுக்கு என் தங்கச்சியக் கொடுத்தோமே" என்று உன் அண்ணன் சொன்னபோது, தலைமைப் பரிசோதகராகித்தான் திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பதவி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. சுரங்கத்தில் வேலை கழுத்தை நெரிக்கிறது. சட்டையெல்லாம் செம்மண், எத்தனை துவைத்தாலும் போவதில்லை.

உன்னவன்


ஜூன் 19

அன்புள்ள உங்களுக்கு,

பதினொன்றுக்கும் பெயர் ஒட்டிவிட்டேன். ஓட்டுத்துண்டு, வினிகர், கண்ணாடி என்று மூன்று நாள் சமையலறையே ஆய்வகமாகிவிட்டது. நீங்கள் சொன்னது ஒன்றுகூடப் பிசகவில்லை.

இன்னொன்றையும் பார்த்தேன். உங்கள் கடிதத்தைப் பிரித்தபோது மடிப்பிலிருந்து கொஞ்சம் வெள்ளைத் தூள் மேசையில் உதிர்ந்தது. கை பழகிவிட்டதல்லவா, சும்மா இருக்க முடியவில்லை. வினிகர் விட்டேன், பொங்கவில்லை. பல்லில் வைத்தேன், நறநறக்கவில்லை, உப்பும் இல்லை. விரலில் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு போனது. பெட்டியிலிருந்த மாக்கல்லைச் சுரண்டிப் பக்கத்தில் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். இரண்டும் ஒன்றுதான்.

பழைய கடிதங்களை எடுத்துப் பரப்பினேன். முதல் மூன்று மாதம் ஓரத்திலெல்லாம் உங்கள் கட்டைவிரல் செங்காவியாகப் பதிந்திருக்கிறது. அதன் பிறகு ஒரு கடிதத்திலும் இல்லை.

செம்மண் சட்டைக்காரர் கடிதத்தில் முகப்பவுடர் எப்படி வந்தது? எங்கே இருக்கிறீர்கள்? உண்மையைச் சொல்வதானால் எழுதுங்கள். நேற்று முழுக்க அழுதேன், அதையும் எழுதிவிடுகிறேன்.

வீட்டுக்காரி


ஜூன் 27

உனக்கு,

சரியாகக் கண்டுபிடித்துவிட்டாய். நானாக இருந்தாலும் அந்த வரிசையில்தான் பார்த்திருப்பேன்.

சுரங்கத்தில் ஐந்து மாதத்துக்கு முன்பே ஆட்களைக் குறைத்தார்கள். வயதானவர்கள் முதலில். ஊரும் அறையும் மாறவில்லை, இங்கேயே ஒரு கொட்டகையில் டின்களில் பவுடர் நிரப்புகிறேன். நாளுக்கு அறுநூறு டின். கண்ணிமை, காது, சோறு, எல்லாம் வெள்ளை. கூட வேலை செய்பவர்கள் என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறார்கள், தலைமுடியைப் பார்த்து. தட்டிவிட்டால் பாதி கறுப்புதான்.

அறையில் ஒரு கட்டில், ஒரு ஜன்னல். பேச ஆளில்லை. உன் கேள்விகள் வந்த அன்று, ஒரு வேலைக்கு என்னை மறுபடி எடுத்துக்கொண்டதுபோல இருந்தது. கை கழுவக்கூடத் தோன்றாமல் உட்கார்ந்து எழுதினேன். அதுதான் மாட்டிக்கொண்டேன்.

எந்த முகத்தோடு வருவேன்? ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் உட்கார்ந்திருக்கும் கூடத்துக்குள் எப்படி நுழைவேன்? கேட்காதே.

உன்னவன்


ஜூலை 5

அன்புள்ள கல்லுளிமங்கருக்கு,

இன்ஸ்பெக்ஷன் முடிந்தது. உப்பு அறைக்கு நம் அடுக்களை ஜாடியிலிருந்தே பெரிய கல்லாக ஒன்றைப் பொறுக்கி வைத்தேன். இன்ஸ்பெக்டர் நக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். வேலை தப்பியது.

இப்போது என் முறை. அண்ணன் இந்த வீட்டுக்கு வருவதில்லை. நீங்கள் போன மறுநாளே, "அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு அப்புறம் இங்க வாங்க" என்று சொன்னேன். கோபித்துக்கொண்டு போனவர்தான். ஞாயிற்றுக்கிழமைக் கூச்சல் என்று நான் எழுதியதெல்லாம் ரேடியோ. தனியாக இருக்கிறேன் என்று தெரிந்தால் உங்களுக்கு மனசு கேட்காதே என்று ஒன்பது மாதமாக ஆட்களை நிரப்பி நிரப்பி எழுதினேன். என் பொய்யைக் காட்டிக்கொடுக்கத்தான் ஒரு தூளும் உதிரவில்லை.

கூடத்தில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. நீங்கள் பயப்படுவது காலி நாற்காலிக்கு.

பதில் எழுத உட்காராதீர்கள். எழுதினால் கௌரவம், முகம் என்று நாலு பக்கம் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலுக்கு நிலையத்தில் நிற்பேன். வராவிட்டால் அடுத்த ஞாயிறும் நிற்பேன். அதற்கடுத்ததற்கும் தெம்பு இருக்கிறது. அதன் பிறகு நிற்பேனா என்று எனக்கே தெரியாது.

உங்கள்
வீட்டுக்காரி